ஒரு கேள்விக்குறி, ஒரு முக்காற்புள்ளி, ஒரு புயல் கூண்டு

பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஜாவாஸ்கிரிப்ட் நடத்தும்போது மும்ம செயற்குறியை அரைப் பாடவேளையில் கடந்துவிடுவது பல இடங்களில் வழக்கம். இஃப்-எல்ஸ் கூற்றின் சுருக்க வடிவம் என்று சொல்லி, 35 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி என்ற எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதி, குறுவினாவாக வரக்கூடும் என்று நினைவூட்டிவிட்டு அடுத்த தலைப்புக்குச் செல்வோம். இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பள்ளி ஒன்றில் கணினிப் பாடம் நடத்தும் நான் இதற்கு மூன்று பாடவேளைகள் எடுத்துக்கொள்கிறேன். ஒரே வரியில் அடங்கும் இந்தச் செயற்குறிக்கு அவ்வளவு நேரம் ஏன் என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. அதற்கான விடையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர். கழித்தல் குறி ஓர் எண்ணின் முன் நின்று அதனை எதிரெண் ஆக்கும்போது அதற்கு ஒரே செயலேற்பி போதும். அது ஒரும செயற்குறி. கூட்டலுக்கு இரண்டு செயலேற்பிகள் வேண்டும். அது இரும செயற்குறி. மூன்று செயலேற்பிகளைக் கேட்கும் செயற்குறி ஜாவாஸ்கிரிப்டில் ஒன்றுதான் உண்டு. அதனால்தான் மும்ம செயற்குறி என்ற பொதுப்பெயரே அதன் சொந்தப் பெயராகிவிட்டது. வடிவம் இது:

நிபந்தனை ? சரியெனில் கிடைப்பது : தவறெனில் கிடைப்பது

இதனை விளக்க எங்கள் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு நிற்கிறது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் இரயில் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி இருந்தது. வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர் என்ற எல்லையை எட்டினால் சமிக்ஞை தானாகச் சிவப்புக்கு மாறும்; இரயில் பாலத்தில் ஏறாது. பழைய பாலம் ஓய்வு பெற்றுவிட்டது; 2025 ஏப்ரலில் செங்குத்தாக உயரும் புதிய பாலம் திறக்கப்பட்டது. ஆனால் காற்று வீசும் நாளில் இரயில் மண்டபத்திலேயே நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த விதியை விளக்க வேண்டியதே இல்லை. அதை அப்படியே எழுதலாம்:

காற்று >= 58 ? "சிவப்பு" : "பச்சை"

மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது நடுவில் உள்ள >= குறியைப் பற்றித்தான். "58-ஐத் தாண்டினால்" என்று சொன்னால் > போதும்; "58-ஐ எட்டினால்" என்று சொன்னால் >= வேண்டும். தாண்டுவதும் எட்டுவதும் வேறு என்பது தமிழ் தெரிந்த பிள்ளைக்குத் தெரியும். ஆங்கிலச் சொற்றொடரை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, விதியை முதலில் தமிழில் பிசகின்றிச் சொல்லவைத்தால் குறி தானாகச் சரியாக வந்துவிடுகிறது. 57, 58, 59 என மூன்று மதிப்புகளையும் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். எல்லையைச் சோதிக்காத நிரலைச் சோதித்ததாகக் கொள்ள முடியாது.

மேலே உள்ள வரியில் ஓர் ஆங்கில எழுத்துகூட இல்லை. விளக்கத்துக்காக நான் மொழிபெயர்த்துக் காட்டிய வரி அல்ல அது. உலாவி அதை அப்படியே ஏற்று இயக்கும். ஜாவாஸ்கிரிப்டில் மாறிகளின் பெயர்கள் யூனிகோடு எழுத்துகளில் இருக்கலாம். தமிழும் அதில் அடக்கம். இஃப், எல்ஸ் போன்ற சிறப்புச் சொற்களை மட்டும் ஆங்கிலத்தில்தான் எழுதியாக வேண்டும். மும்ம செயற்குறியில் சிறப்புச் சொல்லே கிடையாது, குறிகள் மட்டும்தான். ஆகவே நிபந்தனையை முழுக்க முழுக்கத் தமிழில் எழுதுவதற்கு இந்த மொழி திறந்துவைத்திருக்கும் நல்ல வாசல் இதுதான். தமிழ்வழி மாணவர்களுக்கு இதை முதல் நாளே காட்டிவிடுகிறேன். நிரல் எழுதுவதற்கு ஆங்கிலம் வேண்டுமே என்று கடைசி வரிசையில் ஒதுங்கி உட்காரும் பிள்ளை நிமிர்ந்து பார்ப்பது அப்போதுதான்.

செய்து பார்ப்பதும் எளிது. உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் குரோம் உலாவியைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தினால் கன்சோல் என்ற பகுதி கிடைக்கும். இணைய இணைப்புகூடத் தேவையில்லை. காற்று = 62 என்று தட்டி என்டர் விசையை அழுத்துங்கள். அடுத்து மேலே உள்ள வரியைத் தட்டுங்கள். கீழே 'சிவப்பு' என்று விடை வரும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். மேற்கோள் குறிகள் நேரானவையாக இருக்க வேண்டும். வேர்டு மென்பொருளில் தட்டி ஒட்டினால் வளைந்த குறிகள் வந்து பிழை காட்டும். இரண்டாவது, தமிழுக்கே உரிய ஒரு சங்கடம். எங்கள் மீனவர்கள் கிழக்கிலிருந்து வரும் காற்றைக் கொண்டல் என்பார்கள். அந்தப் பெயரில் ஒரு மாறி வைத்தால், ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பும் காலும் என இரு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஜாவாஸ்கிரிப்டுக்கு அவை வெவ்வேறு மாறிகள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையை ஒட்டும்போது இது நேரும். தமிழ்99 விசைப்பலகையில் நேரடியாகத் தட்டினால் தொல்லை இல்லை.

தமிழின் வாக்கிய அமைப்பும் இந்தச் செயற்குறிக்கு ஒத்துப்போகிறது. "மழை வந்தால் வலையை மூடு" என்போம். நிபந்தனை முன்னால், விளைவு பின்னால். "வலையை மூடு, மழை வந்தால்" என்பது பேச்சில் எப்போதாவது வரும், இயல்பான வரிசை அதுவல்ல. மும்ம செயற்குறியும் நிபந்தனையை முதலில் வைத்தே தொடங்குகிறது. போதாததற்குக் கேள்விக்குறி தமிழின் ஆகார வினாவைப் போலவே நிற்கிறது: "விசைப்படகா? அப்படியெனில் இது; இல்லையெனில் அது." பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் படிக்கும் மாணவர்கள் இதே கருத்தை வேறு வரிசையில் சந்திக்கிறார்கள். அங்கே சரியெனில் கிடைப்பது முதலிலும், நிபந்தனை நடுவிலும், தவறெனில் கிடைப்பது கடைசியிலும் வரும். அது ஆங்கில வாக்கிய வரிசை. பைத்தானில் இந்த இடத்தில் நம் பிள்ளைகள் தடுமாறுவதற்கு அறிவுக்குறைவு காரணமன்று, வரிசை மாற்றம்தான் காரணம் என்பது என் கணிப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் தடுமாற்றம் குறைகிறது.

விசைப்படகு என்றேன் அல்லவா? பாக் விரிகுடாவில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு மீதி நான்கு நாள் என்று கடலைப் பங்கிட்டிருக்கிறார்கள். இராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகும். இருவேறு தொழில்காரர்கள் ஒரே கடலில் மோதிக்கொள்ளாமல் இருக்க ஏற்பட்ட இந்த விதி, மும்ம செயற்குறிக்கென்றே அளவெடுத்தது போல இருக்கிறது:

படகு === "விசை" ? "திங்கள், புதன், சனி" : "மற்ற நான்கு நாள்கள்"

இதனோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தையும் சேர்த்து எழுதி வரச் சொன்னால், பிள்ளைகள் வீட்டில் அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ கேட்டுவிட்டு வருகிறார்கள். தடை யாருக்கு, யாருக்கு இல்லை என்ற கேள்விக்கு வீட்டில் கிடைக்கும் விடை, நிபந்தனையில் && குறியை எங்கே போடுவது என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

இனி, சுருக்க வடிவம் என்ற விளக்கத்துக்கு வருகிறேன். அது பாதி உண்மைதான். இஃப்-எல்ஸ் ஒரு கூற்று. "இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்" என்று கட்டளையிடும். மும்ம செயற்குறியால் அமைவது ஒரு கோவை. அது இரண்டு மதிப்புகளில் ஒன்றைத் தெரிந்து கையில் கொடுக்கும். 3 + 4 என்பது 7 என்ற மதிப்பாவது போலத்தான். மதிப்பு எங்கெல்லாம் வரலாமோ அங்கெல்லாம் இந்தக் கோவையை வைக்கலாம். இஃப் கூற்றை ஒரு வாக்கியத்தின் நடுவில் செருக முடியாது. ஆங்கிலப் புத்தகங்களில் இதற்கு வாடிக்கையான எடுத்துக்காட்டு, பன்மைக்கு ஓர் எழுத்தைச் சேர்ப்பது. தமிழில் அது பொருந்தாது. பெயர் மட்டுமல்ல, வினைமுற்றும் மாற வேண்டும்:

எண்ணிக்கை + (எண்ணிக்கை === 1 ? " படகு வந்தது" : " படகுகள் வந்தன")

1 கொடுத்தால் "1 படகு வந்தது". 5 கொடுத்தால் "5 படகுகள் வந்தன". தமிழாசிரியரிடம் சொன்னபோது ஒருமை பன்மை மயக்கத்துக்கு இது நல்ல பயிற்சி என்றார். 0 கொடுத்தால் "0 படகுகள் வந்தன" என்று வரும். எந்த மனிதரும் அப்படிச் சொல்லமாட்டார். அதைத் திருத்தும் வேலையை மாணவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

அந்த வரியில் உள்ள அடைப்புக்குறிகளைக் கவனியுங்கள். அவை அலங்காரம் அல்ல. மும்ம செயற்குறிக்கு முன்னுரிமை மிகக் குறைவு. கூட்டலும் ஒப்பீடும் முடிந்தபிறகே அதன் முறை வரும். ஒரு மாணவர் இப்படி எழுதுகிறார் என்று கொள்வோம்:

"நிலை: " + காற்று >= 58 ? "சிவப்பு" : "பச்சை"

காற்று 90 ஆக இருந்தாலும் இதன் விடை "பச்சை". முதலில் கூட்டல் நடந்து "நிலை: 90" என்ற சரம் உருவாகிறது, பிறகு அந்தச் சரம் 58-உடன் ஒப்பிடப்படுகிறது. எழுத்துகள் கலந்த சரத்தை எண்ணாக மாற்ற முடியாததால் ஒப்பீடு எப்போதும் பொய். பிழைச் செய்தி எதுவும் வராது, எந்தப் புயலிலும் பச்சை விளக்கே எரியும். கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பது என்ன என்று அடைப்புக்குறி போட்டுக் காட்டும் பழக்கத்தை முதல் பாடவேளையிலேயே ஏற்படுத்திவிடுவது நல்லது.

இரண்டாம் பாடவேளை முழுவதும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு. பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் எங்கள் ஊரில் வகுப்பறைப் பேச்சே மாறிவிடும். 1, 2 தொலைதூர எச்சரிக்கைகள். 3, 4 உள்ளூர் எச்சரிக்கைகள். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். 5-ஐவிட 6 கடுமையானது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் புயல் துறைமுகத்தை எந்தப் பக்கம் விட்டுக் கடக்கும் என்பதுதான் அந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாடு. குழுக்களுக்கு இடையில்தான் கடுமை கூடுகிறது. இதை ஒன்றினுள் ஒன்றாக எழுதலாம்:

கூண்டு >= 8 ? "பெரும் அபாயம்" : கூண்டு >= 5 ? "அபாயம்" : "எச்சரிக்கை"

ஜாவாஸ்கிரிப்டில் 9 கொடுத்தால் "பெரும் அபாயம்", 6 கொடுத்தால் "அபாயம்", 3 கொடுத்தால் "எச்சரிக்கை". எதிர்பார்த்தபடியே வருகிறது.

இதே வரியைப் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பிஎச்பி மொழியில், மாறியின் முன் $ குறி மட்டும் சேர்த்து எழுதினால் என்ன ஆகும்? ஆய்வகக் கணினியில் பழைய பதிப்பு இருந்தால் 3-க்கும் 6-க்கும் சரியான விடைகளே வரும். 9 கொடுத்தால் "அபாயம்" என்று வரும். பெரும் அபாயம் ஒரு படி இறங்கிவிட்டது. காரணம், ஜாவாஸ்கிரிப்ட் இந்தச் சங்கிலியை வலப்புறத்திலிருந்து சேர்க்கிறது. பழைய பிஎச்பி இடப்புறத்திலிருந்து சேர்த்தது. முதல் பாதி "பெரும் அபாயம்" என்ற சரமாகிறது. வெற்றல்லாத அந்தச் சரம் இரண்டாவது கேள்விக்குறிக்கு "உண்மை" என்ற விடையாகிறது. உண்மைக்கு உரிய "அபாயம்" வெளியே வருகிறது.

இரண்டு மதிப்புகளை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுச் சரியென்று கையொப்பம் இட்டால், மிகக் கொடிய நாளில் மட்டும் தவறு செய்யும் நிரலை அனுப்பிவைத்தவர்கள் ஆவோம். மாணவர்கள் இதைக் கையால் ஒவ்வொரு படியாக எழுதிப் பார்க்க வேண்டும். நான் சொல்லி அவர்கள் கேட்டுக்கொண்டால் பதியாது. பிஎச்பி மொழியை வளர்ப்பவர்களும் இதைக் களைந்துவிட்டார்கள். 2019-இல் வந்த 7.4 பதிப்பு அடைப்புக்குறி இல்லாத இந்தச் சங்கிலியைக் கண்டால் எச்சரித்தது. 2020-இல் வந்த 8.0 பதிப்பு முதல் அதை ஏற்கவே மறுத்துப் பிழை காட்டுகிறது. இரண்டாம் பாதியை அடைப்புக்குறிக்குள் இட்டுவிட்டால் இரண்டு மொழிகளிலும், எல்லாப் பதிப்புகளிலும் ஒரே விடை. இரண்டு நிலைகளுக்கு மேல் போனால் இஃப்-எல்ஸ் கூற்றுக்கே திரும்பிவிடுங்கள் என்பது என் அறிவுரை. ஒரே வரியில் ஐந்து கேள்விக்குறி போட்டுக் காட்டும் மாணவருக்குக் கைதட்டலாம். மதிப்பெண் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

கூண்டுகளில் 11-ஆம் எண்ணும் ஒன்று உண்டு. 10-ஐவிடப் பெரிய புயல் என்று மாணவர்கள் சொல்வார்கள். அதன் பொருள் வேறு: வானிலை எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அது. மேலே உள்ள வரிக்கு 11 கொடுத்தால் "பெரும் அபாயம்" என்று வரும். ஆகவே கூண்டு === 11 என்ற கேள்வியைச் சங்கிலியின் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

மூன்றாம் பாடவேளைக்கு நான் எடுத்துக்கொள்வது இந்த 11-ஐத்தான். மும்ம செயற்குறிக்கு இரண்டே வாசல்கள். சரி என்று நிறுவப்பட்டது ஒரு வாசலில் போகும். மற்ற எல்லாமே இன்னொன்றில். "தவறு" மட்டுமல்ல, "தெரியவில்லை" என்பதும் அந்த இரண்டாம் வாசலில்தான் போய் விழும். காற்றளவியிலிருந்து மதிப்பே வரவில்லை, மாறிக்கு மதிப்பு இடப்படவில்லை என்று வையுங்கள். காற்று >= 58 என்பது பொய்யாகும்; சமிக்ஞை பச்சையாகும். நிபந்தனையைத் திருப்பிப் போட்டு காற்று < 58 ? "பச்சை" : "சிவப்பு" என்று எழுதினால் மதிப்பில்லாத மாறி சிவப்பில் விழும். அதுவும் முழுத் தீர்வன்று. வெற்றுச் சரத்தை ஜாவாஸ்கிரிப்ட் 0 என்று எடுத்துக்கொள்ளும். 0 நிச்சயமாக 58-க்குக் குறைவு. ஆகவே:

காற்று > 0 && காற்று < 58 ? "பச்சை" : "சிவப்பு"

இப்போது வெற்றுப் பெட்டி, மதிப்பில்லா மாறி, எழுத்தாகத் தட்டப்பட்ட மதிப்பு எல்லாமே சிவப்பு. காற்றே இல்லாத 0-வும் சிவப்பாகிவிடுமே என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்விதான். பாம்பனில் கருவி 0 காட்டினால் முதலில் கருவியைத்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்று அடுத்த வரிசையிலிருந்தே பதில் வந்துவிட்டது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் இரயில் தனுஷ்கோடியை நெருங்கியபோது சமிக்ஞை கிடைக்கவில்லை என்றும், காத்திருந்த ஓட்டுநர் நீண்ட ஊதலுடன் வண்டியை நகர்த்தினார் என்றும் பரவலாகப் பதிவாகியிருக்கிறது. புயலலை அந்த வண்டியைக் கொண்டுபோனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதை வகுப்பில் சொல்லும்போது நான் அளந்தே பேசுகிறேன். தனுஷ்கோடியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருக்கக்கூடும். சமிக்ஞை இல்லை என்பதை "போகாதே" என்று கொள்வதா, "தெரியவில்லை" என்று கொள்வதா என்ற கேள்வியை மட்டும் வைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் இதைக் கணினி இல்லாமலே செய்யலாம். இரண்டு மூடிய பெட்டிகள், ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். எண் எழுதிய அட்டைகள் ஒரு கட்டு. "இரட்டைப்படையா? மஞ்சள் : நீலம்" என்று குழந்தை வாய்விட்டுச் சொல்லி, உரிய பெட்டியை மட்டும் திறந்து அட்டையைப் போட வேண்டும். மற்றப் பெட்டியைத் தொடக்கூடாது; மும்ம செயற்குறியும் தேவையான பகுதியை மட்டுமே கணக்கிடும், மற்றதைத் திறந்தே பார்க்காது. கட்டின் நடுவில் எதுவும் எழுதாத ஓர் அட்டையைச் செருகிவையுங்கள். அந்த அட்டை கைக்கு வந்ததும் குழந்தை இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்க்கும். மூன்றாவது பெட்டி எங்கே என்று அது கேட்கும்வரை பொறுத்திருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் அந்தப் பழைய 35 மதிப்பெண் எடுத்துக்காட்டுக்குத் திரும்புகிறேன். மதிப்பெண் >= 35 ? "தேர்ச்சி" : "தேர்ச்சி இல்லை" என்று எழுதிய நிரலை வகுப்புப் பட்டியலின் மேல் ஓட்டினால், தேர்வு அன்று வராத பிள்ளையின் வெற்றுக் கட்டமும் "தேர்ச்சி இல்லை" என்று நிரம்பும். இறால் சீசனிலோ, வீட்டில் ஒருவர் கடலில் சிக்கிய வாரத்திலோ வராதவர்கள் எங்கள் பட்டியலில் உண்டு. எழுதித் தவறியவருக்கு மீள்கற்பித்தல் வேண்டும். எழுதவே வராதவர் வீட்டுக்கு ஓர் ஆசிரியர் போய்வர வேண்டும். நிரலில் இதற்கு இன்னும் ஒரு கேள்விக்குறியும் ஒரு முக்காற்புள்ளியும்தான் கூடுகின்றன:

மதிப்பெண் === "" ? "வரவில்லை" : (மதிப்பெண் >= 35 ? "தேர்ச்சி" : "தேர்ச்சி இல்லை")